எந்த நிறத்தில் எடுக்கட்டும்

தேவகோட்டையில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில்
மூன்று இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்:
கருவில் இருப்பது ஆணா பெண்ணா எனக்
கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.
நான்காவதாகக் கழிப்பறைக் கதவிலும் ஒட்டினார் டாக்டர்.
அங்கே வைத்துத்தான் சகாயமேரியின் கையில்
ஒருத்தி ஐநூறு ரூபாயைத் திணித்தாள்.

வீட்டில் நான் தினமும் செய்வது
அந்தக் குற்றத்தைத்தான்.

வாடகைக்கு எடுத்த ரெண்டாங்கட்டு.
வீட்டுக்காரர் பினாங்கில்.
தொட்டியில் ஒரு நாரத்தை, இரண்டு கறிவேப்பிலை.
தாளிக்க நான் கடையில் வாங்கிக்கொள்கிறேன்,
இவை புழுக்களுக்கு.

முதலில் காக்கை எச்சம் மாதிரி.
பிறகு இலை மாதிரி.
தின்று தின்று ஒருநாள் சலித்து
ராத்திரி முழுக்க நடக்கும்.
எங்கே நின்று, வால்நுனியை ஒட்டி,
இடுப்பில் ஒற்றைப் பட்டு நூலைச் சுற்றிச் சாய்கிறதோ
அந்த இடத்தின் நிறம் மேலே ஏறும்.
பச்சைக் காம்பில் பச்சை.
பர்மாத் தேக்குத் தூணில் பழுப்பு.
துருப்பிடித்த ஜன்னல் கம்பியிலும் பழுப்பு.
கடைசியாக ஒன்று என் நீல வாளியின் காதில் தொங்கி,
நீலம் ஆகத் தெரியாமல்
பச்சையாகவே இருந்துவிட்டது.
பத்து நாளாகச் சருவச்சட்டியில் மொண்டு குளிக்கிறேன்.

பூதக்கண்ணாடியில் வாலடியைப் பார்ப்பேன்.
எட்டாம் வளையத்தில் கீறல் இருந்தால் பெண்.
ஒன்பதாவதில் இரண்டு சின்ன மேடு இருந்தால் ஆண்.
ஜெல் வேண்டாம், ஃபார்ம் எஃப் வேண்டாம்,
தாயின் கையெழுத்து வேண்டாம்.

பழுப்பெல்லாம் ஆண் என்று எனக்கொரு நினைப்பு.
இலையை விட்டு இறங்கித்
தூண், கம்பி என்று அலைகிறவை
வேறு யாராக இருக்கும்?
இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தேன்.
புழு சொல்லவில்லை.

சித்திரையிலிருந்து புரட்டாசி வரை:
பச்சையில் பெண் இருபத்தாறு, ஆண் இருபத்தெட்டு.
பழுப்பில் பெண் பத்தொன்பது, ஆண் பதினெட்டு.
சகாயமேரியும் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்து
"இதுக்கா ஆறு மாசம்?" என்றாள்.
பதினொன்றில் ஊசித்துளை.
உள்ளிருந்து வந்தவை பொடிக் குளவிகள்.
அவற்றுக்குத் தனிக் கட்டம் போட்டேன்,
பச்சை ஆறு, பழுப்பு ஐந்து.
அங்கேயும் ஒன்றும் அகப்படவில்லை.

நேற்று அரியக்குடிக்காரர் ஒருவர்.
பெஞ்சில் ஒரே துணியில் தைத்த
இரண்டு பாவாடைச் சட்டைகள், உள்ளே இரண்டு சிறுமிகள்.
மனைவி மேல் ஒட்டிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நான் திரையைப் பார்த்திருந்தேன்.
பார்த்ததைப் பார்க்காத முகத்துக்குத்தான்
எனக்கு மாதச் சம்பளம்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க.
தொட்டிலுக்குத் துணி எடுக்கப் போறோம்.
எந்த நிறத்துல எடுக்கட்டும்?"

"பழுப்புல எடுங்க," என்றேன்.
"அழுக்குத் தெரியாது."

அவர் அதையே உருட்டிக்கொண்டு படி இறங்கினார்.
கீழே பைக்கில் சாய்ந்து யாரிடமோ போனில்:
"பழுப்பாம்... தெரியலண்ணே...
பழுப்புன்னுதான் சொன்னாங்க."
மூத்தவள் அண்ணாந்து
ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தாள்.
முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இன்று காலை வாளிக் காதில் கூடு பிளந்திருந்தது.
ஈரத்துணி மாதிரிச் சிறகு,
அடியில் ஒரு சொட்டுக் கலங்கல் நீர்.
அதன் வாலடி மட்டும்
பிளாஸ்டிக் வளைவுக்குள் மறைந்திருந்ததால்
கணக்கில் சேரவில்லை.
இப்போது குனிந்தால் தெரியும்.
நோட்டு அடுப்பு மேடையில்தான் இருக்கிறது.

குழாய்த் தண்ணீர் ஏழரைக்கு நின்றுவிடும்.
மணி ஏழு இருபது.
வாளி அதற்கு இன்னும் வேண்டியிருக்கிறது.